எந்தப் பெட்டிக்கு எந்தத் தட்டு?

எடப்பாடிக்கு ரெயில் கிடையாது. சேலத்திலிருந்து ஈரோடு போகும் வண்டியில் ஏறினால் மகுடஞ்சாவடியில் இறங்கலாம், சங்ககிரியில் இறங்கலாம். எங்கே இறங்கினாலும் அப்புறம் பஸ்தான். ஆகையால் சேலத்திலேயே பஸ் ஏறி, ஜன்னலோரமாக ஓர் இடத்தைப் பிடித்து உட்கார்ந்துவிடுவது உத்தமம்.

நான் போனது ஒரு சனிக்கிழமை. வழியில் கொங்கணாபுரத்தில் அன்றைக்குத்தான் வாரச் சந்தை. ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர், இரண்டு சேவல்களைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு இன்னொருவர், பருத்தி மூட்டையை ஏலத்துக்குக் கொண்டு போகிற வண்டிகள் என்று சாலை முழுவதும் ஒரே கோலாகலம். பஸ் நகர்ந்தால் போதும் என்று ஆகிவிட்டது. ஆனால் அலுப்புத் தட்டவில்லை. இதைப் பார்ப்பதற்கு டிக்கெட் வாங்கினாலும் தகும் என்று தோன்றிற்று.

ஊருக்குள் நுழையும்போதே ஒரு வேடிக்கை. ஒரு பலகையில் 'எடப்பாடி' என்று இருக்கிறது. அடுத்த பலகையில் 'இடைப்பாடி' என்று இருக்கிறது. "இரண்டில் எது சரி?" என்று பக்கத்திலிருந்த பெரியவரைக் கேட்டேன். "ரெண்டும் சரிதானுங்க. எதை எழுதினாலும் தபால் வந்து சேர்ந்துருது!" என்றார். இந்த ஊரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட கே. பழனிசாமி 2017 முதல் 2021 வரை தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்தார் அல்லவா? அதிலிருந்து வெளியூர்க்காரர்கள் நாவில் 'எடப்பாடி'யே நிலைத்துவிட்டது.

சரபங்கா நதி ஊரை ஒட்டிப் போகிறது. சேர்வராயன் மலையில் பிறந்து காவிரியைத் தேடிப் போகிற ஆறு. ஆற்றில் தண்ணீர் உண்டோ இல்லையோ, ஊரில் ஓசைக்குப் பஞ்சமே இல்லை. எந்தத் தெருவில் திரும்பினாலும் 'கடக் கடக்' என்று விசைத்தறிச் சத்தம். துண்டும் லுங்கியும் நெய்கிற ஊர். முதல் அரை மணி நேரம் காது வலிக்கும், அப்புறம் சத்தம் நின்றால்தான், "ஏன், கரண்ட் போய்விட்டதா?" என்று கேட்கத் தோன்றும்.

நான் அங்கே போன காரியத்தைச் சொல்ல வேண்டுமே! சென்னையில் இருக்கும் என் சிநேகிதிக்கு எடப்பாடிதான் பிறந்தகம். 1988-ஆம் வருஷம் ஆவணி மாதம் அந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டு அவளுக்குக் கல்யாணம் நடந்தது. சேலத்திலிருந்து வீடியோக்காரரை வரவழைத்துப் படம் பிடித்தார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய ஆடம்பரம். அவளுடைய தகப்பனார் 1994-ல் காலமாகிவிட்டார். சுவரில் மாலை போட்ட போட்டோ இருக்கிறது. ஆனால் அவர் நடப்பதும் திரும்புவதும் பேசுவதும் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கின்றன, அந்தக் கேசட்டில். இருபது வருஷங்களுக்கு மேலாக அதை யாரும் பார்க்க முடியவில்லை. "அந்தப் பக்கம் போகிறாயே, அம்மாவிடம் கேட்டு அதற்கு ஏதாவது வழி பண்ணிக் கொடு" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

"வாங்க அம்மிணி, மொதல்ல தண்ணி குடிங்க" என்று வரவேற்ற பாட்டியம்மாள், கேசட் என்றதும் இடுப்பிலிருந்த சாவியை எடுத்தார். பீரோவின் கீழ்த் தட்டைத் திறந்ததும் நான் அசந்து போனேன். அந்த வீட்டில் நடந்த மூன்று கல்யாணங்களும் அங்கே வரிசையாக இருந்தன. மூத்த மகள் கல்யாணம், 1988: கருப்பு நிறத்தில் செங்கல் போன்ற வி.எச்.எஸ். கேசட். இளைய மகள் கல்யாணம், 2000: மூன்று வி.சி.டி. தட்டுகள். பேத்தி கல்யாணம், 2013: நீலப் பெட்டியில் ஒரு புளூரே தட்டு. பக்கத்தில் ஓடாத டெக் ஒன்று, மூடி திறக்காத வி.சி.டி. பிளேயர் ஒன்று, இன்னும் உயிரோடு இருக்கிற டி.வி.டி. பிளேயர் ஒன்று.

"மூணு கல்யாணம் பண்ணிப் பார்த்தாச்சு கண்ணு. ஒண்ணைக்கூடப் போட்டுப் பார்க்க முடியலே" என்றார் பாட்டியம்மாள்.

சிரிப்பதா, வருத்தப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. நம் வீட்டு பீரோக்களிலும் இதே கதைதானே?

சிநேகிதியின் தம்பி எட்டுத் தறி வைத்து நடத்துகிறார். தறிக்காரர்களுக்கு 'நாடா' என்றால் பாவுக்குள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற மரநாடா. "எங்க நாடாவுக்கு இந்தத் தொல்லை இல்லீங்க அக்கா. நாப்பதாம் நம்பர் நூல்னா கோயமுத்தூர் மில்லுலே வாங்கினாலும் நாப்பதுதான், வேற எங்கே வாங்கினாலும் நாப்பதுதான். இந்த வீடியோ நாடாவுக்கு மட்டும் ஏனுங்க ஆளுக்கொரு கணக்கு?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. சினிமாவுக்கும் ஒரே கணக்குத்தான் இருந்தது. 1909-ல் பாரிஸ் நகரில் கூடிய படமுதலாளிகள் பிலிம் சுருளின் அகலம் 35 மில்லிமீட்டர் என்று ஒப்புக்கொண்டார்கள். அதன் சௌகரியத்தைச் சேலத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-ல் 'அலிபாபாவும் நாற்பது திருடர்களும்' படத்தை வர்ணத்தில் எடுத்ததே, அந்தச் சுருள் சென்னைக் கொட்டகையிலும் ஓடிற்று, கொழும்பிலும் ஓடிற்று. டிக்கெட் வாங்கும்போது, "இது எந்த அளவுப் பிலிம்?" என்று எந்தப் பெண்பிள்ளையாவது கேட்டதுண்டா?

படம் வீட்டுக்குள் வந்தபோதுதான் வினை வந்தது. 1975-ல் ஜப்பானில் சோனி கம்பெனி 'பீட்டாமேக்ஸ்' என்ற கேசட்டைக் கொண்டுவந்தது. மறு வருஷமே ஜே.வி.சி. கம்பெனி 'வி.எச்.எஸ்.' என்று இன்னொன்றைக் கொண்டுவந்தது. இரண்டிலும் நாடாவின் அகலம் அரை அங்குலந்தான். ஆனால் ஒன்றின் கேசட் மற்றொன்றின் வாயில் நுழையாது. பீட்டாவின் படம் சற்றுத் தெளிவு என்று சொல்வார்கள். இருந்தும் முதலில் வந்த பீட்டா கேசட் ஒரு மணி நேரந்தான் ஓடும், வி.எச்.எஸ். இரண்டு மணி நேரம் ஓடும். ஒரு மணி நேரத்தில் நம் வீட்டில் மாப்பிள்ளை அழைப்புக்கூட முடியாதே! வி.எச்.எஸ்.ஸைப் பல கம்பெனிகள் சேர்ந்து செய்தன; அது ஜயித்தது. கடைசியில், 1988-ல், சோனியே வி.எச்.எஸ். டெக் செய்ய ஆரம்பித்தது. என் சிநேகிதிக்குத் தாலி ஏறிய அதே வருஷம்!

நம் பக்கத்தில் 1982-ல் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வர்ண டெலிவிஷன் வந்தது. பின்னாலேயே டெக்கும் வந்தது. ராத்திரி வாடகைக்கு டெக்கும் டி.வி.யும் எடுத்துவந்து, தெருவே கூடி உட்கார்ந்து, கோழி கூவும் வரையில் மூன்று படம் பார்த்தது நினைவிருக்கிறதா? அப்போதெல்லாம் வாடகைக் கடைக்காரர் கொடுத்ததுதான் கேசட். பீட்டாவா, வி.எச்.எஸ்.ஸா என்ற சண்டையில் நம் பெண்கள் தலையிட நேரவே இல்லை. வெளிநாட்டிலிருந்து மைத்துனர் அனுப்பிய கேசட்டில் மட்டும் படம் உருண்டு உருண்டு ஓடும். அமெரிக்காவின் முறை என்.டி.எஸ்.சி., நம்முடையது பால். இந்த 'பால்' அந்தக் கோப்பையில் நிற்காது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை!

அடுத்தது வி.சி.டி. தட்டு. மலிவு, இடத்தை அடைக்காது. ஆனால் ஒரு தட்டில் எழுபத்து நாலிலிருந்து எண்பது நிமிஷந்தான் பிடிக்கும். ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு மூன்று தட்டு வேண்டும். பாட்டியம்மாளின் இளைய மகள் கல்யாணத்தில் இரண்டாம் தட்டு கீறிவிட்டது. அதில்தான் முகூர்த்தம். ஆக, முதல் தட்டில் நிச்சயதாம்பூலம், மூன்றாம் தட்டில் பந்தி. நடுவில் கல்யாணமே இல்லை!

இந்த இடத்தில் தறிக்காரத் தம்பி ஒரு விளக்கம் சொன்னார். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக இல்லை. "டி.வி. படமும் துணி மாதிரிதானுங்க அக்கா. இழை நெருக்கமா இருந்தா ரகம் ஒசத்தி. கலக்கமா இருந்தா வலைத்துணி. அவ்வளவுதான்." உண்மைதான். படத்தில் மேலிருந்து கீழாக எத்தனை கோடுகள் என்பதே கணக்கு. வி.சி.டி.யில் 288 கோடு. டி.வி.டி.யில் 576. எச்.டி. என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதில் 1080. இப்போது கடையில் மினுக்குகிற 'நாலு கே' டி.வி.யில் 2160. வலைத்துணி, மல், பட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டுக்குத்தான் மறுபடியும் ஒரு சண்டை மூண்டது. 2006 மார்ச்சில் டோஷிபா கம்பெனி 'எச்.டி. டி.வி.டி.' என்ற தட்டை ஜப்பானில் இறக்கியது. மூன்று மாதத்துக்குள் எதிர்க்கட்சியின் 'புளூரே' அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அதன் பின்னால் நின்றது, பீட்டாவில் தோற்ற அதே சோனிதான். இரண்டும் பார்வைக்கு ஒரே வட்டம், ஒரே பளபளப்பு. இரண்டையும் படிப்பது ஒரே நீலக் கதிர். ஆனால் அதன் தட்டு இதில் ஓடாது; இதன் தட்டு அதில் ஓடாது. ஓர் அடுக்கில் அது 15 ஜிகாபைட் பிடிக்கும். இது 25 பிடிக்கும். சினிமாக் கம்பெனிகளும் இரண்டு கட்சியாகப் பிரிந்தன. டிஸ்னி படம் புளூரேயில் மட்டும். யுனிவர்சல் படம் எச்.டி. டி.வி.டி.யில் மட்டும். எல்லாப் படத்தையும் பார்க்க வேண்டுமானால் இரண்டு பெட்டி வாங்க வேண்டும். அமெரிக்கக் குடும்பங்கள் என்ன செய்தன தெரியுமா? பெரும்பாலோர் ஒன்றையும் வாங்காமல், "யார் ஜயிக்கிறார்கள், பார்ப்போம்" என்று உட்கார்ந்துவிட்டார்கள். கெட்டிக்காரர்கள்! 2008 ஜனவரி 4-ந் தேதி வார்னர் கம்பெனி புளூரே பக்கம் சாய்ந்தது. பிப்ரவரி 19-ந் தேதி டோஷிபா கடையைக் கட்டிவிட்டது. அவசரப்பட்டு எச்.டி. டி.வி.டி. பெட்டி வாங்கியவர்களுக்குப் புதுப் படமே இல்லாமல் போயிற்று.

எடப்பாடிக்கு இந்தச் செய்தி எட்டியதா என்றால், எட்டவில்லை. அந்தச் சமயத்தில் இங்கே வேறு உற்சாகம். 2006-லிருந்து தமிழ்நாட்டு அரசு பதினாலு அங்குல வர்ண டி.வி.யை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. மோசர் பேர் கம்பெனி வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் மளிகைக் கடை வரையில் கொண்டுவந்து தொங்கவிட்டது. தேங்காய், பருப்பு, ஒரு பழைய படம் என்று வாங்கிப் போகிற காலம். பாட்டியம்மாள் வீட்டில் அந்தத் தட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடிக்காரர்கள் காவடியோடு பழனிக்கு நடந்து போவதும், மலையிலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் செய்வதும், இரவு மலைமேல் தங்குகிற உரிமையும் பிரசித்தம் அல்லவா? அந்த யாத்திரையைப் பிடித்த தட்டும் ஒன்று இருந்தது. அது மட்டும் இன்னும் ஓடுகிறது. "முருகன் கைவிடலே" என்றார் பாட்டியம்மாள்.

ஜப்பானில் 2008-ல் முடிந்த சண்டை எடப்பாடி வீட்டுக்குள் நுழைந்தது 2013-ல். பேத்தி கல்யாணத்துக்கு வந்த ஸ்டூடியோக்காரர், "டி.வி.டி. எல்லாம் பழசுங்க. புளூரேயில் போட்டுத் தாரேன், கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று கூடுதலாகப் பணம் வாங்கிக்கொண்டார். நீலப் பெட்டி வந்தது. வீட்டிலிருந்த டி.வி.டி. பிளேயரில் போட்டார்கள். 'தட்டு இல்லை' என்று எழுத்து வந்தது. கையில் தட்டு இருக்கிறது, பெட்டி 'இல்லை' என்கிறது! புளூரே பெட்டியில் டி.வி.டி. ஓடும், டி.வி.டி. பெட்டியில் புளூரே ஓடாது. இந்த ஒரு வரியைச் சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. கெட்டுப்போன தட்டு என்று நினைத்துப் பாட்டியம்மாள் அதைப் பத்து வருஷம் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். தட்டில் ஒரு குறையும் இல்லை.

இப்போது சண்டை கேபிள் பெட்டிக்கு வந்திருக்கிறது. 2017-ல் அரசு கேபிள் நிறுவனம் செட்டாப் பாக்ஸ்களை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அது இருக்கட்டும் என்று பாட்டியம்மாள், எச்.டி. வேண்டும் என்று மருமகள். மருமகள் கட்சி ஜயித்து, வேறு ஓர் எச்.டி. பெட்டி வந்தது. 2019 பிப்ரவரியில் வந்த கட்டண விதிப்படி ஓர் எச்.டி. சானல் இரண்டு சாதாரண சானலுக்குச் சமம் என்று கணக்கு. அப்படிப் பணம் கட்டியும், "முன்னே பார்த்த மாதிரியேதான் இருக்குதுங்க" என்று மருமகள் குறைப்பட்டுக்கொண்டார். நான் டி.வி.யின் பின்புறம் எட்டிப் பார்த்தேன். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஒயர்! மஞ்சள் ஒயர் பழைய மல் துணியைத்தான் சுமக்கும். பட்டு அதில் வராது. எச்.டி.எம்.ஐ. என்ற தட்டை வாய் ஒயர் வேண்டும். பெட்டியோடு வந்த அந்த ஒயர் உறை பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. மாட்டியதும் செய்தி வாசிப்பவரின் புடவைக் கரை பளிச்சென்று தெரிந்தது. மருமகள் முகத்தில் வெற்றிக்களை. பாட்டியம்மாள் மட்டும், "அந்தப் புள்ளைக்கு மூஞ்சியிலே பரு இருக்குதே, இத்தனை நாளாத் தெரியலே" என்றார்.

நீங்களும் வீட்டில் டி.வி.யின் பின்புறத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கடையில் வாங்கும்போது 'எச்.டி. ரெடி' என்று ஒட்டியிருந்தால் அதில் பெரும்பாலும் 768 கோடுதான், 'ஃபுல் எச்.டி.' என்றால்தான் 1080. ஒட்டுத்தாளில் ஒரு வார்த்தைதான் வித்தியாசம், இழையில் முந்நூறு!

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கேசட்டுக்காகப் போக வேண்டிய சேலத்துக் கடைக்கு விடுமுறை. ஆகவே எல்லோருமாகப் பூலாம்பட்டிக்குப் போனோம். எடப்பாடிக்கு வந்து பூலாம்பட்டியைப் பார்க்காமல் போகிறவர்கள் பாவம் செய்தவர்கள். கதவணையில் தேங்கிய காவிரி, ஏரி மாதிரி அகன்று கிடக்கிறது. இக்கரை சேலம் ஜில்லா. அக்கரை நெரிஞ்சிப்பேட்டை, ஈரோடு ஜில்லா. நடுவே படகு. சினிமாக்காரர்கள் இங்கே எத்தனையோ படம் பிடித்திருக்கிறார்கள். படகில் எல்லோரும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டியம்மாள் தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டு, "இதையெல்லாம் எதிலே வெச்சுப் பார்ப்பீங்க?" என்று பேரனைக் கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சேலம் போனோம். பழைய கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருகிற கடை. கடைக்காரர் முதலில் கேசட்டின் வாயை நிமிர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் புள்ளி. "பூஞ்சை பிடிச்சிருக்குங்க. நல்ல வேளை, டெக்கிலே போட்டுப் பார்க்கலே. போட்டிருந்தா நாடாவும் கிழியும், டெக்கின் ஹெட்டும் பாழ்" என்றார். உங்கள் வீட்டிலும் பழைய கேசட் இருந்தால் இதை நினைவில் வையுங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஓட்டவே கூடாது. படுக்கப் போடாமல் புத்தகம் மாதிரி நிறுத்தி, ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். தாமதமும் கூடாது. உலகத்திலேயே கடைசியாக டெக் செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இனி உள்ள டெக்குகளைப் பழுது பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். அவர் கடையில் மூன்று இருந்தன. ஒன்றின் உறுப்பைக் கழற்றி மற்றொன்றில் போட்டு ஓட்டுகிறார்.

சுத்தம் செய்ய ஒரு நாள். மாற்றுவதற்கு மூன்று மணி நேரம். மூன்று மணிக் கேசட் மூன்று மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும், இதில் குறுக்குவழி கிடையாது. மறுநாள் பாட்டியம்மாளும் நானும் அந்த மூன்று மணி நேரமும் உட்கார்ந்திருந்தோம். வர்ணம் வெளுத்திருந்தது. நடுநடுவே படம் இழுத்தது. மாப்பிள்ளை அழைப்பு, நலங்கு, சம்பந்தி வீட்டாரின் முறைப்பு எல்லாம் வந்தன. இருபத்தைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பாட்டியம்மாள், "இது யாரு தெரியுங்களா? போயிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

தாலி கட்டுகிற சமயம். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மனிதர் சட்டென்று காமிராவின் பக்கம் திரும்பினார். கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். நாதஸ்வரத்தில் பாதி அமுங்கிவிட்டது. கடைக்காரர் அந்த இடத்தை இன்னொரு தடவை போட்டு, சத்தத்தைக் கூட்டினார்.

"ஏப்பா, அந்த வெளக்கைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பு. புள்ளைக்குக் கண்ணு கூசுது பாரு!"

பாட்டியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வந்தது. "அவுங்க எப்பவும் இப்பிடித்தான் கண்ணு. நல்ல நேரத்திலே யாரையாவது சத்தம் போட்டுருவாங்க" என்றார். அந்தப் பதினோரு விநாடியை நாலு தடவை போடச் சொல்லிப் பார்த்தார்.

வேலை முடிந்ததும் கடைக்காரர் கேட்டார்: "எதிலே போட்டுத் தரட்டுங்கம்மா? பென் டிரைவிலா, டி.வி.டி.யிலா?"

"ரெண்டுலயும் போடுங்க தம்பி. பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் தனித்தனியா ஒண்ணு. அந்தக் கேசட்டையும் குடுங்க" என்று சொல்லிவிட்டு, பாட்டியம்மாள் இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தார்.